இடுப்பு பிடித்துக்கொண்டது, மாட்டை யார் கறப்பது?

காங்கேயத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதம் நாலு பக்கம், சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு வயது 43. வீட்டில் ஒரு ஜெர்சி கலப்பு மாடு, ஒரு காங்கேயம் மாடு. இரண்டு வேளையும் நான்தான் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறேன். வீட்டுக்காரர் தேங்காய்க் களத்தில் கணக்குப் பார்க்கிறார். மகன் ப்ளஸ் ஒன். பதினோரு நாளைக்கு முன்பு மொபெட்டின் முன்பக்கத்திலிருந்து புண்ணாக்கு மூட்டையை இறக்கும்போது இடுப்பில் 'சொடக்'கென்றது. நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். டவுனில் டாக்டர் ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்து, 'ரெஸ்ட் எடுங்க' என்றார். மாத்திரை தீர்ந்ததும் அதையே மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வலி பாதி குறைந்திருக்கிறது. தொடை வரை இழுக்கிறது, முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மாமியார் சுளுக்கு வழிக்கக் கூட்டிப்போகிறேன் என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், ஸ்கேன் எடுக்காமல் விட்டால் டிஸ்க் நகர்ந்துவிடும் என்கிறார். கோயமுத்தூரில் படிக்கும் மகள் இடுப்பு பெல்ட் வாங்கி அனுப்பிவிட்டாள். நான் எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்? எப்போது கறக்கலாம்? தரையில் படுக்கலாமா? மொபெட் ஓட்டலாமா? அடுத்த மாதக் கடைசியில் பொள்ளாச்சியில் தங்கை மகள் கல்யாணம், போக முடியுமா? இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க முடியாதோ என்று பயமாக இருக்கிறது."

சகோதரி, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தூக்க முடியும். குடம் தூக்குவீர்கள், பால் கேன் தூக்குவீர்கள், முரண்டு பிடிக்கும் மாட்டை இழுத்துக் கட்டுவீர்கள். ஐம்பது கிலோ மூட்டையைத் தனி ஆளாக இறக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இடுப்புத் தசையும் அதை ஒட்டிய தசைநாரும் சுளுக்கிக்கொண்டிருக்கின்றன. 'சொடக்'கென்று கேட்டதும் எலும்பு நகர்ந்துவிட்டது, ஏதோ அறுந்துவிட்டது என்று பலரும் பயந்துவிடுகிறார்கள். விரலில் சொடக்கு எடுக்கிறோமே, அந்தச் சத்தம் முதுகு மூட்டுகளிலும் வரும். அதை வைத்துச் சேதத்தை அளக்க முடியாது. நிமிர முடியாமல் நின்றது, நொந்த இடத்தை அசைய விடாமல் சுற்றியிருக்கும் தசைகள் இறுகிப் பிடித்துக்கொண்டதால். நம் ஊரில் 'இடுப்பு பிடிச்சுக்கிச்சு' என்று சொல்வது மிகச் சரியான வார்த்தை. பிடித்தது தானாக விடும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். பதினோரு நாளில் பாதி குறைந்திருக்கிறது என்றால் உங்களுக்கு நல்லபடியாகத்தான் ஆறிக்கொண்டிருக்கிறது.

நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால் இந்த ஒரு பத்தியை மட்டும் வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டிவிடுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று கழன்று போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. பொழுது விடியட்டும் என்று இருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். திருப்பூர், பெருந்துறை இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதேபோல் சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, எப்படிப் படுத்தாலும் ராத்திரி முழுக்கக் குடைவது, முன்பு எப்போதாவது புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்திருப்பது, இதில் எது இருந்தாலும் நான் கீழே எழுதுவது பொருந்தாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. அதை வாயுப் பிடிப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் தைலம் தேய்த்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் இது எதுவும் இல்லை.

இல்லை என்பதால்தான் ஸ்கேனும் இப்போது வேண்டாம் என்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் 40 வயதில், இடுப்பு வலி என்பதே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். 60 வயதில் பத்துக்கு ஏழு பேருக்கு. தலை நரைப்பதைப் போல அது. உங்களுக்கும் எடுத்தால் ஏதாவது ஒன்று ரிப்போர்ட்டில் வரும். இந்த வலிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ரிப்போர்ட்டைப் படித்த நாளிலிருந்து நீங்கள் குனியவே பயப்படுவீர்கள். ஆறு வாரம் ஆகியும் குறையவில்லை, அல்லது வலி முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்றால் அப்போது டாக்டரைப் பார்த்து, அவர் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம்.

இனி 'ரெஸ்ட்'. அந்த வார்த்தையை டாக்டர் ஒரு அர்த்தத்தில் சொல்கிறார், நாம் வேறு அர்த்தத்தில் கேட்டுக்கொள்கிறோம். பின்லாந்தில் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரை வைத்து நடந்த ஆய்வு 1995-இல் வெளிவந்தது. திடீரென இடுப்பு பிடித்துக்கொண்டவர்களில் ஒரு சாராரை இரண்டு நாள் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள், ஒரு சாராருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், மூன்றாவது சாராரிடம் 'வலி பொறுக்கிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். சீக்கிரம் தேறியது அந்த மூன்றாவது கூட்டம். படுத்திருந்தவர்கள்தான் கடைசி.

இதெல்லாம் தெரிந்தும் நானே படுத்துக் கிடந்த கதை ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன்பு சமையல் கேஸ் சிலிண்டரை வாசலிலிருந்து உள்ளே கொண்டுபோகும்போது எனக்குப் பிடித்துக்கொண்டது. கேஸ் 14.2 கிலோதான் என்று நினைப்பு. இரும்பையும் சேர்த்தால் முப்பது கிலோவுக்குப் பக்கம் வரும் என்பது தூக்கிய பிறகுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் 'படுக்காதீங்க' என்று சொல்கிறவன், வெளியே போனால் நாலு பேர் சிரிப்பார்களே என்று நாலு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் எழுந்தபோது முதல் நாளைவிட மோசமாக இருந்தது. இடுப்போடு சேர்த்துக் காலும் துவண்டுவிட்டது. அம்முச்சிதான் (அம்மாவின் அம்மா) வந்து, "கெடந்தா கெடந்த எடத்துலயே வேர் உட்ரும், எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிட்டு வா சாமி" என்று கைபிடித்து எழுப்பிவிட்டது. பின்லாந்துக்காரர்கள் சொன்னதும் அதைத்தான்.

ஆகவே எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும் என்றால், இனி ஒரு நாளும் வேண்டாம். பகலில் வலி மிஞ்சினால் இருபது நிமிடம் மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எழுந்துவிடுங்கள். நிற்பதோ நடப்பதோ உட்கார்வதோ, எதையும் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரேடியாகச் செய்யாதீர்கள். எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். தும்மல் வருகிறது என்று தெரிந்தால் பக்கத்துச் சுவரையோ தூணையோ பிடித்து நிமிர்ந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு வாரத்தில் இடுப்பைப் பதம் பார்ப்பது பாதி நேரம் தும்மல்தான்.

சரி, மாட்டுக்கு வருவோம். நம் பக்கம் கறக்க உட்காரும் விதம் எல்லோருக்கும் ஒன்றுதான். குத்தவைத்து உட்கார்ந்து, முழங்கால் நடுவே போசியை இடுக்கி, நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்துக்கொள்வது. அப்போது இடுப்பு வில்லாக வளைந்து, அதே வளைவில் பத்து நிமிடம் அசையாமல் இருக்கிறது. கனம் தூக்கவில்லையே என்று நினைப்போம். ஆறிவரும் தசைக்கு கனத்தைவிட இந்த வளைந்தபடி இருப்பதுதான் ஆகாது. ஒரு அடி உயரத்தில் முக்காலி ஒன்று செய்துகொள்ளுங்கள், அல்லது பழைய பால் டப்பாவைக் கவிழ்த்து மேலே சாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டை ஒட்டி உட்காருங்கள். தள்ளி உட்கார்ந்தால் ஒவ்வொரு பீச்சுக்கும் எட்ட வேண்டும். பின்னங்காலைக் கயிற்றால் அணைத்துக் கட்டிவிடுங்கள். உதைக்கிற மாடாக இல்லாவிட்டாலும் சரி, ஈ கடித்து அது காலைத் தூக்கினால் நீங்கள் சட்டென்று திரும்புவீர்கள், அந்தத் திரும்பலில் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஒரு மாடு முடிந்ததும் எழுந்து நின்று, கையை இடுப்பில் ஊன்றி, நாலைந்து முறை மெதுவாகப் பின்னால் சாய்ந்து நிமிருங்கள். அப்படிச் சாயும்போது தொடையில் இருக்கும் இழுப்பு இடுப்பு நடுவுக்கு ஏறி வந்தால் நல்லது, தொடருங்கள். வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் காலைக் கறவையை இன்னும் இரண்டு வாரத்துக்கு நீங்கள் தொடவே வேண்டாம். இதற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரி தாழியில் ஊறப்போட்ட பருத்திக்கொட்டை காலையில் எப்படி உப்பியிருக்கும்? முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கும் அப்படித்தான். படுத்திருக்கும்போது தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். எழுந்து நடமாடும்போது உடம்புக் கனத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். விடியாலையில் நாம் எல்லோரும் சாயங்காலத்தைவிட ஒன்றரை சென்டிமீட்டர் போல உயரமாக இருப்பது அதனால்தான். உப்பியிருக்கும் நேரத்தில் குனிந்தால் டிஸ்க்குக்கும் தசைநாருக்கும் அழுத்தம் கூடுதல். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களை, எழுந்தவுடன் சில மணி நேரம் குனியாமல் இருக்கப் பழக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 1998-இல் அமெரிக்காவில் வந்தது. அது மட்டுமே வலியை நன்றாகக் குறைத்தது. நீங்களோ எழுந்த கையோடு வாசல் கூட்டி, சாணி தெளித்து, கோலம் போட்டு, அப்புறம் கட்டுத்தரைக்குப் போவீர்கள். நாலு வேலையும் குனிகிற வேலை, நாலும் அந்த நேரத்தில். கோலம் இரண்டு வாரம் இல்லாவிட்டால் ஒறம்பரை யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியானால் காலையில் யார் கறப்பது? உங்கள் கடிதத்தில் 'நான் எப்போது கறக்கலாம்' என்று மூன்று இடத்தில் இருக்கிறது, 'வேறு யார் கறப்பார்கள்' என்று ஓர் இடத்திலும் இல்லை. வீட்டில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். இடுப்பு பிடித்து என்னிடம் வருகிற ஆண்களிடம் 'இரண்டு வாரம் மூட்டை தூக்காதீங்க' என்றால் "செரிங்" என்று போய்விடுகிறார்கள். பெண்களிடம் சொன்னால், "அப்பொறம் ஆருங் பண்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு பிசியோதெரபியில் பயிற்சி எதுவும் கிடையாது. வீட்டுக்காரரையும் மகனையும் வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

ஜெர்சி மாட்டை வீட்டுக்காரரிடம் விடுங்கள். கலப்பு மாடுகள் பெரும்பாலும் ஆள் மாறினால் இரண்டொரு நாளில் பழகிவிடும். காங்கேயம் மாடு அப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும், கறக்கிற கை மாறினால் பாலை அடக்கிக்கொள்ளும். மடியில் பால் இறங்க ஒரு ஹார்மோன் சுரக்க வேண்டும், மாடு மிரண்டால் அது தடைபட்டுவிடும். அதனால் முதல் மூன்று நாள் நீங்கள் பக்கத்தில் நின்று, கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, வழக்கமாகப் பேசுவதைப் பேசுங்கள். கை மட்டும் அவருடையதாக இருக்கட்டும். அரை லிட்டர் குறைந்தால் குறையட்டும். பொழுதோட கறவையில் காங்கேயம் மாட்டை மட்டும் நாளையிலிருந்தே நீங்கள் கறக்கலாம். இரண்டு மூன்று லிட்டர்தானே, சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு வாரம் கழித்து ஜெர்சியையும் சாயங்காலம் சேர்த்துக்கொள்ளுங்கள். காலைக் கறவை அதற்கப்புறம்.

கூட்டலாமா குறைக்கலாமா என்று பார்க்க ஒரு கணக்குச் சொல்கிறேன். வேலை செய்யும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம். மறுநாள் காலை எழுந்திருக்கும்போது வலி முந்தின நாள் காலையில் இருந்த அளவுக்கு இறங்கிவிட்டதென்றால் அந்த வேலை உங்கள் இடுப்புக்குச் சரி. மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் அந்த வேலையைப் பாதியாக்குங்கள். நிறுத்த வேண்டாம், பாதி.

சாணி அள்ளுவதை மட்டும் நாலு வாரம் மகனிடம் கொடுத்துவிடுங்கள். கறப்பதைவிட இது மோசம். குனிய வேண்டும், கனம் இருக்கிறது, அந்தக் கனத்தோடு பக்கவாட்டில் திரும்பிக் கூடையில் போட வேண்டும். இடுப்பைச் சுளுக்க வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு யாராலும் செய்ய முடியாது. ஒரு கறவை மாடு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் போடும், உங்களிடம் இரண்டு. நீளக் கைப்பிடி போட்ட மண்வெட்டியும் சக்கரம் வைத்த தள்ளுவண்டியும் இருந்தால் பிறகு நீங்களே பார்க்கலாம். ப்ளஸ் ஒன் பையனுக்கு காலையில் பதினைந்து நிமிடம் சாணி அள்ளுவதால் மார்க் குறைந்துவிடாது.

மூட்டைக்கு வருகிறேன் என்றேன். வீட்டில் ஐந்து கிலோ அரிசிப் பையை முதலில் மார்போடு அணைத்துப் பிடியுங்கள், அப்புறம் கையை நீட்டிப் பிடியுங்கள். (இப்போது வேண்டாம், குணமான பிறகு.) அதே ஐந்து கிலோ, ஆனால் நீட்டியபோது இடுப்பில் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியும். மொபெட்டில் மூட்டை ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. உங்களால் கிட்டப் போக முடியாது. கையை நீட்டி, குனிந்து, பக்கவாட்டில் திருப்பி இழுத்திருப்பீர்கள். நல்ல பலசாலிக்கும் அங்கே பிடித்துக்கொள்ளும். இனி ஒன்று செய்யுங்கள். மூட்டையை இறக்கவே இறக்காதீர்கள். வண்டியை நிறுத்தி, மூட்டை வண்டியில் இருக்கும்போதே வாயைப் பிரித்து, போசி போசியாக அள்ளி டிரம்மில் கொட்டுங்கள். பாதிக்குக் கீழே வந்ததும் சாக்கோடு தூக்கி அணைத்துக்கொண்டு போகலாம். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் தீவனக் கடையிலேயே இரண்டு சாக்கில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஐம்பது கிலோவாகத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயமா என்ன.

குடத்துக்கும் இதே கணக்கு. நல்ல தண்ணி வருகிற நாளில் இடுப்பில் ஒரு பெரிய குடத்தைச் சாய்த்து வைத்து நடப்பதற்குப் பதில், இரண்டு கையிலும் அரை அரை வாளியாக எடுத்துப் போங்கள். கீழே கிடக்கும் கரண்டி, துண்டு மாதிரி லேசான சாமானை எடுக்க முழுசாகக் குனிய வேண்டியதில்லை. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் தூக்கி, இடுப்பு மூட்டிலிருந்து அப்படியே முன்னால் சாயுங்கள். முதுகு பலகை மாதிரி நேராக இருக்கும். பார்ப்பதற்குக் கொக்கு மாதிரி இருக்கும், மகன் சிரிப்பான், பரவாயில்லை.

மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். வெதுவெதுப்பான கொட்டமுத்து (ஆமணக்கு) எண்ணெயை லேசாகத் தேய்ப்பதும், நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை ஊற்றிக்கொள்வதும், தவிட்டையோ கல்லுப்பையோ வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பதும் நல்லதுதான். சூடு இறுகிய தசையை இளக்கும், சில மணி நேரத்துக்கு நிம்மதி கிடைக்கும். மூட்டையை முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூட்டைப் பாருங்கள். அவசரத்தில் முதுகைச் சுட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. வேண்டாம் என்று நான் சொல்வது இழுப்பது, முறுக்குவது, மிதிப்பது. கால் முதலில் வந்து பிறந்த ஆள் முதுகில் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று நம் பக்கம் நம்புகிறார்கள். அந்த ஆள் எப்படிப் பிறந்திருந்தாலும் அவருடைய கனம் அறுபது கிலோ என்பதை மறக்க வேண்டாம். அத்தையிடம் 'நீங்கள் தேய்த்துவிடுங்கள், போதும்' என்று கேளுங்கள், சந்தோஷமாகத் தேய்ப்பார்.

மகள் அனுப்பிய பெல்ட்டை வீணாக்க வேண்டாம். பஸ்ஸில் போகும்போதும் கறக்கும்போதும் போட்டுக்கொள்ளுங்கள், தைரியமாக இருக்கும். மற்ற நேரம் கழற்றிவிடுங்கள். பெல்ட் போட்டிருக்கிறோம் என்று கனம் தூக்கக் கூடாது. இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் ஆணியில் மாட்டிவிடலாம். மாத்திரையை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். வலி மாத்திரைகளில் பல, வயிற்றைப் புண்ணாக்கும், ரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஐந்து நாளைக்கு என்று எழுதியதைப் பதினோரு நாள் சாப்பிடுவது சரியில்லை.

தரையில் படுப்பதில் வைத்தியம் எதுவும் இல்லை, கெடுதலும் இல்லை. தரையிலிருந்து எழுவதுதான் கஷ்டம். அதனால் கட்டிலே நல்லது, தொய்ந்த கயிற்றுக் கட்டில் மட்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால் நடுவே பழைய போர்வையைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, யாரும் கேட்கக் கூச்சப்படுவது, நீங்களும் கேட்கவில்லை. வலி இருக்கும்போது கக்கூஸில் முக்கினால் இடுப்பில் சுருக்கென்று பிடிக்கும். மலச்சிக்கல் வராமல் தண்ணீரும் கீரையும் கொய்யாவும் கூட்டிக்கொள்ளுங்கள். குத்தவைத்து உட்கார முடியவில்லை என்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவே ஓட்டை போட்டது கடைகளில் கிடைக்கிறது. குளிக்கும்போது வாளியை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, நீங்களும் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மொபெட்டை இன்னும் பத்து நாள் விடுங்கள். குலுங்கலைவிட எனக்குக் கவலை வேறு. நாய் குறுக்கே வந்தால் சட்டென்று காலை ஊன்ற முடிய வேண்டும். வாசலில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்து, இரண்டு காலையும் மாற்றி மாற்றி டக்கென்று ஊன்றிப் பாருங்கள். முகம் சுளிக்காமல் செய்ய முடிந்தால் ஓட்டலாம். அப்போதும் சென்டர் ஸ்டாண்டு போடாதீர்கள், பக்க ஸ்டாண்டு போதும். சென்டர் ஸ்டாண்டு போடுவதும் கிட்டத்தட்ட மூட்டை தூக்குகிற மாதிரிதான்.

நடைக்கு மட்டும் நாள் பார்க்க வேண்டாம், நாளையே தொடங்குங்கள். "நாள் பூரா நடந்துட்டுத்தானுங் இருக்கேன்" என்பீர்கள். கட்டுத்தரைக்கும் அடுப்படிக்கும் நடுவே நடப்பது எட்டு அடிக்கு ஒரு தடவை நிற்கிற நடை. நான் சொல்வது கையை வீசிக்கொண்டு, கையில் எதுவும் இல்லாமல், நிற்காமல் நடப்பது. பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, அரை மணி வரைக்கும் கொண்டுபோங்கள், வாரத்தில் ஐந்து நாள். ஒரு தடவை இடுப்பு பிடித்தவர்களுக்கு மறுபடி பிடிப்பது சகஜம், அதைத் தள்ளிப்போட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. இடுப்பு வலி வந்து குணமான 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 2024-இல் வந்தது. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி நடந்தவர்களில் பாதிப் பேருக்கு மறுபடி வேலையைத் தடுக்கிற அளவு வலி வர 208 நாள் ஆனது. நடை சொல்லிக்கொடுக்காதவர்களுக்கு 112 நாள். கிளுவை வேலி ஓரமாக ஊர்க்கிணறு வரைக்கும் போய்வந்தாலும் நடைதான், அதற்கென்று ஷூ வேண்டாம்.

நேரில் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால், 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கடைசியாகக் கல்யாணம். தாராளமாகப் போங்கள். அதற்குள் நீங்கள் ஐந்தாறு வாரத்தைத் தொட்டிருப்பீர்கள். பஸ்ஸில் கடைசி சீட் வேண்டாம், பின் சக்கரத்துக்கு அப்பால் இருக்கும் சீட்டுக்குத்தான் வேகத்தடை முழுசாக வந்து சேரும். நடுவில் உட்காருங்கள். பொள்ளாச்சிக்கு நேர் பஸ் கிடைத்தாலும் தாராபுரத்தில் இறங்கி, ஒரு டீ குடித்து, நாலு எட்டு நடந்துவிட்டு அடுத்த பஸ் பிடியுங்கள். மண்டபத்தில் ஜமுக்காளத்தில் உட்காராமல் நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள், பெரியம்மாக்காரி நாற்காலியில் உட்கார்ந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சீர் சாமான் தூக்கக் கூப்பிட்டால் மகனைக் கைகாட்டுங்கள். பந்தி பரிமாற மட்டும் போய்விடாதீர்கள். சாம்பார் வாளியோடு வரிசை முழுக்கக் குனிந்து குனிந்து போவது சாணி அள்ளுவதற்கு அண்ணன்.